பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை

அன்புள்ள கதிர்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். பகலில் இரண்டு முறை ஆரம்பித்து இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால், கூட்டமைப்புக்கு நான் மாதாமாதம் எழுதும் அறிக்கை மாதிரியே இருந்தது. இப்போது தெரு அடங்கிவிட்டது. அப்பா ஒரு தடவை எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஃபோன்ல நாலு வார்த்த பேசுனா தீராதா? விடிஞ்சா ஆபீசு கெடக்கு" என்றார். தீராது என்று சொல்லி அனுப்பினேன். ஃபோனில் நீ "ம்", "சரி", "சாப்ட்டேன்" என்று மூன்று வார்த்தைகளில் என்னை முடித்துவிடுகிறாய். ஓசூருக்கு நீ வேலைக்குப் போய் இருபது நாளாகிறது. இந்த இருபது நாளும் நீ சாப்பிட்டாய் என்பது எனக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டு உன்னைச் சிரமப்படுத்தப் போவதில்லை. காரணம் சுடலை மாமா விஷயம்தான். வருகிற சனிக்கிழமை எங்கள் கூட்டமைப்பின் பொதுக்கூட்டம். அவரிடம் கொடுத்த மின்சார ஆட்டோவைத் திரும்ப வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்யப் போகிறார்கள். வாங்கிவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஒரு விஷயம் நாலு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அவருக்கு, அன்றைக்கு உள்ளறையில் இருந்த உனக்கு, பிறகு நான் சொல்லி அப்பாவுக்கு. இந்தக் கடிதத்தை நான் ரகசியமாக வைக்கப் போவதில்லை, ஒரு நகல் எடுத்துக்கொண்டு நாளைக்கே கூரியரில் அனுப்புவேன். அப்பா படிக்கட்டும். சனிக்கிழமை கூட்டத்துக்கு வருகிற யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். ஆனால் முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது எனக்கு வயது இருபத்தைந்து. பி.எஸ்ஸி. வேதியியல் ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம், அடுத்த வருஷம் நீ. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று ஒன்றும் தெரியாது, பயப்பட மட்டும் நன்றாகத் தெரியும். சுடலை அண்ணனுடைய பழைய டீசல் ஆட்டோவில் ஏழு பிள்ளைகளோடு உன்னை ஏற்றி அனுப்பிவிட்டு, என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். வேகமாகப் போகிறாரா, ஓரத்தில் உட்காரவைத்திருக்கிறாரா, நீ கையை வெளியே நீட்டுகிறாயா என்று பார்ப்பதற்கு. ஒரு வாரம் பொறுத்தார். ஏழாவது நாள் ஜங்ஷன் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "எம்மா, நீங்க பின்னால வந்தா எனக்குக் கையெல்லாம் நடுங்குது. ஒண்ணு முன்னால போங்க, இல்லன்னா உள்ள ஏறி மடில அவன வெச்சிக்கிடுங்க" என்றார். உள்ளே இருந்த ஏழு பிள்ளைகளும் சிரித்தார்கள். நீயும்தான். அன்றைக்குத் திரும்பி வந்தவள்தான், அதற்கப்புறம் பத்து வருஷம் உன்னை அவர் கையில் விட்டேன். ஒரு நாள்கூட நேரம் தப்பியதில்லை.

ஆனால் புகை தப்பவில்லை. சாயங்காலம் நீ வந்து இறங்கினால் மூக்கைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும். துடைத்த கைக்குட்டையை அப்பாவிடம் காட்டுவேன். மூன்றாம் வகுப்பில் உனக்கு இளைப்பு வந்தது. ஐப்பசி மழை தொடங்கினால் வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கில் ஆவி பிடிக்கும் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கருவிக்கு நீ யானை என்று பேர் வைத்திருந்தாய். டாக்டர் ஒருநாள் சலித்துப்போய், "மருந்து நான் குடுப்பேன்மா, ரோட்டுக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டார். அவர்தான் என்னை முதல் கூட்டத்துக்குக் கூப்பிட்டது. அப்போது அது பத்துப் பேர் சேர்ந்து பேசும் இடமாக இருந்தது. இரண்டு பள்ளிக்கூடத்து நிர்வாகிகள், ரத வீதி ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயிகள், ஆட்டோ சங்கத்துக்காரர்கள், ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர் ஒருவர். எல்லோருக்கும் கவலை ஒன்றுதான். நம் ஊர் வண்டிகள் விடும் புகையை எப்படிக் குறைப்பது? லாப நோக்கமில்லாத கூட்டமைப்பாகப் பதிவு செய்தோம். மார்க்கெட்டில் அழுகும் காய்கறியிலிருந்து வாயு எடுத்து ஒரு வேன் ஓட்டிக் காட்டினோம். அந்த வேனுக்குப் பின்னால் போனால் சாம்பார் வாசனை வருகிறது என்று நீ வீட்டில் கேலி செய்வாய். நீ பிளஸ் டூ படிக்கும்போது நான் அங்கேயே ஒருங்கிணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தேன். "எங்கம்மா என் மூக்குக்காகச் சங்கம் வெச்சவங்க" என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாயே, அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா?

போன வருஷம் பத்து மின்சார ஆட்டோக்கள் கிடைத்தன. டவுண் ஸ்டாண்டில் ஓட்டும் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தோம். சுடலை அண்ணன் வரமாட்டேன் என்றார். "டீசல் வண்டின்னா சத்தத்துலயே எனக்கு அதோட சொகம் தெரிஞ்சிரும். இது ஊமைல்லா" என்றார். நான்தான் நாலு தடவை அவர் வீட்டுக்குப் போய், உன்னுடைய இளைப்பைச் சொல்லி, இப்போது அவர் ஏற்றுகிற பிள்ளைகளைச் சொல்லி, சம்மதிக்க வைத்தேன். பழைய வண்டியை அவர் விற்றார். விற்ற அன்று ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டு மதினி சொன்னாள்.

அடுத்தது சார்ஜ் எங்கே போடுவது என்ற கேள்வி. பாளையங்கோட்டையில் எங்கள் உறுப்பினர் பள்ளிக்கூடம் ஒன்றின் மாடி முழுக்கச் சூரிய மின்தகடு. உச்சி வெயில் நேரத்தில் அவர்கள் செலவழிப்பதைவிட அதிகமாக மின்சாரம் வருகிறது. சைக்கிள் ஷெட்டில் பத்து இணைப்பு கொடுத்தால், பன்னிரண்டு மணி முதல் இரண்டு மணி வரை வெயிலிலேயே வண்டி ஓடிவிடும். இந்த யோசனை என்னுடையது. கூட்டத்தில் நான் படம் போட்டுக் காட்டியபோது கை தட்டினார்கள். பேராசிரியர் சார், "கச்சிதமா இருக்கும்மா" என்றார். ஒப்பந்தத் தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். தினமும் இந்த நேரத்தில் வந்து சார்ஜ் போட்டுக் கையெழுத்திட வேண்டும். தவறினால் வண்டி திரும்பப் பெறப்படும். அந்த வரியைக்கூட நான்தான் சேர்த்தேன். கண்டிப்பு இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தேன். உன்னிடமும் அப்படித்தானே இருந்தேன்.

முதல் மாதம் வந்தார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து யாரும் வரவில்லை. ஆனால் பதிவேட்டில் எல்லா நாளும் பத்துக் கையெழுத்து இருந்தது. ஒரு சனிக்கிழமை நான் அதைப் புரட்டிப் பார்த்தேன், கதிர். ஒவ்வொருவருடைய ஆறு கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அவசரம். வார ஆரம்பத்தில் ஒரு தடவை வந்து ஆறு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் போட்டிருந்தார்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக் காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஸ்டாண்டுக்கு ஒரு நடை போய், ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் என் திட்டம் தப்பு என்று ஆகும். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அந்த மாத அறிக்கையில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று எழுதினேன்.

பாலத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் அன்று காலையில் நடந்ததை நான் என் கையால் எழுத வேண்டும். பதினொரு மணி இருக்கும். மழைத் தூறல். பேராசிரியர் சாரோடு வெளியூரிலிருந்து வந்த நாலைந்து பேருக்கு நம் வேலையை விளக்கிக்கொண்டிருந்தேன். சுடலை அண்ணன் ஃபோன் செய்தார். "எம்மா, நேத்து ராத்திரி எங்க தெருவுல கரண்டு இல்ல. பாதிதான் ஏறியிருக்கு. இன்னைக்கு மத்தியானமும் வர முடியாது. சாயங்காலம் பிள்ளைகள கூட்டிட்டு வாரதுக்குத் தாங்குமா?" என்று கேட்டார். என் கையில் ஒரு அட்டவணை இருந்தது. பாதி சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அதில் போட்டிருந்தது. வந்தவர்கள் எதிரே காத்துக்கொண்டிருந்தார்கள். "தாங்கும் அண்ணே, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மத்தியானம் ஏன் வர முடியாது என்று கேட்கவில்லை. மழையில் முகப்பு விளக்கு எரியுமே, ஆறு பிள்ளைகளும் பையுமாக ஏறுவார்களே, அதற்குள் அவர் சவாரியும் போயிருப்பாரே என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேர் சாயங்காலப் பள்ளிக்கூட நடையை எப்போதோ விட்டுவிட்டார்கள். ராத்திரி வீட்டில் போடும் சார்ஜ் சாயங்காலம் வரை நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் மட்டும்தான் விடவில்லை. நாலரை மணிக்கு ஆற்றுப்பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் இடைவெளியில் பிரேக் போட்டு நின்றது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி நடைபாதையில் ஏற்றிவிட்டு, மழையில் தனியாக வண்டியைத் தள்ளியிருக்கிறார். ஒரு பெண் குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு. கடவுள் புண்ணியத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் ஆறு தாய்மார்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். பயந்துபோன தாய் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மாலையே விசாரணை. பதிவேட்டை எடுத்து வைத்துப் பேராசிரியர் சார் கேட்டார். அன்றைய தேதியில் அவர் கையெழுத்து இருந்தது, காவல்காரர் அவர் வரவில்லை என்றார். "அப்போ பொய்க் கையெழுத்து. சார்ஜ் இல்லைன்னு தெரிஞ்சே பிள்ளைகளை ஏத்தியிருக்கான். நீங்க எதுவும் சொல்லணுமாம்மா?" என்று என்னைப் பார்த்தார். ஃபோன் வந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். "இல்லை சார்" என்றேன். இரண்டே வார்த்தைதான். சுடலை அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

மறுநாள் அவர் நம் வீட்டுக்கு வந்தார். நீ உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். வாசலிலேயே நின்று, "எம்மா, நான் ஃபோன்ல கேட்டது ஒங்களுக்கு ஞாபகம் இருக்குல்லா?" என்றார். நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "கையெழுத்து ஒங்களதுதானே அண்ணே, நான் என்ன செய்ய முடியும்?" அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நீ வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. புதிய பஸ் நிலையத்தில் உன்னை ஏற்றிவிட வந்தபோது, இட்லிப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "எம்மா, அவர் என்ன பத்து வருசம் கூட்டிட்டுப் போனாரு" என்று மட்டும் சொன்னாய். நான் தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதே என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த இருபது நாளும் எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதைவிட வசதியான ஒரு விளக்கமும் இருந்தது. ஒரு டிரைவர் தப்பு செய்தார் என்றால் ஒரு வண்டியோடு போகும். திட்டமே தப்பு என்றால் கூட்டமைப்பு உடையும். மின்சார வண்டியெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் வாய்க்கு அவல் கிடைக்கும், பள்ளிக்கூடங்கள் விலகும், மறுபடி அதே புகை, இன்னொரு பிள்ளைக்கு இளைப்பு. அதனால் நான் வாயை மூடியது ஊருக்கு நல்லது. இப்படி. படித்தவர்களுக்கு இதில் ஒரு சாமர்த்தியம் வந்துவிடுகிறது, கதிர். நம் பயத்துக்கு ஒரு நல்ல காரியத்தின் சட்டையை மாட்டிவிடுகிறோம். அப்பாவிடம் சொன்னபோதுகூட அவர், "இப்பப் போயி சொன்னா ஒன்னையத்தான் கேப்பாவ. பேசாம இரி" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கும் அது பிடித்திருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு டவுண் ஸ்டாண்டுக்குப் போனேன். காலை ஆறரை மணிக்கே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு வருஷமாக ஆட்டோக்களைப் பற்றிக் கூட்டம் போடுகிறேன், ஒரு நாள்கூட ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. என்னைப் பார்த்ததும் ஒருவன், "என்னவே, மேடம் நம்ம வண்டிக்கெல்லாம் சார்ஜ் போட வந்துருக்காவளா?" என்றான். இன்னொருவன், "ஒனக்கு டீசல் வண்டிலே. வாயால ஊதித்தான் போடணும்" என்றான். சுடலை அண்ணன் வரிசையில் கடைசியாக வந்து நின்றார். என்னைப் பார்த்தார்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முன்னால் நிற்கும் வண்டிக்குத்தான் சவாரி. அது போனால் பின்னால் நிற்கும் எல்லா வண்டியும் ஒரு வண்டி நீளம் நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்து கடைசியில் நின்றவன் முதலில் வருவதற்கு மத்தியானம் ஆகிவிடுகிறது. முப்பது வருஷமாக அங்கே ஓட்டும் செல்லையா அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார். "கல்யாணத்துக்குச் சவுளி எடுக்க ஊருநாட்டுலருந்து வந்த சனம் கடைய விட்டு எறங்குத நேரம் அதான்மா. கையில ரெண்டு பை, இடுப்புல ஒரு பிள்ள, மேல வெயிலு. நடக்குமா? காலைலருந்து நகந்து வந்து அந்தச் சவாரிக்கு நிக்கும்போது, ஆத்தத் தாண்டி பாளையங்கோட்டைக்கு வந்து சார்ஜ் போடுன்னு சொல்லுதிய. போயிட்டு வந்தா மறுபடி வாலுல நிக்கணும். யாரு போவா?"

"இதை யாருமே என்கிட்ட சொல்லலியே அண்ணாச்சி?"

"நீங்க யாரும் கேக்கலியேம்மா."

"கூட்டத்துல கேட்டோமே, ஏதாவது சொல்லணுமான்னு?"

"கேட்டிய. ஏசி ரூம்ல, மைக்கக் கையில குடுத்து. அவன் என்னத்தச் சொல்லுவான்? பிஸ்கட் நல்லாருந்துச்சுன்னு வந்து சொன்னான்" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

ஒரு யோசனை தோன்றியது. வண்டிக்குப் பதில் பெயரை வரிசையில் வைத்தால் என்ன? ஒரு சிலேட்டில் முறைப்படி பெயர் எழுதித் தொங்கவிட்டுவிட்டு, வண்டி பக்கத்திலேயே எங்காவது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கலாமே என்றேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டி நிக்காத எடத்துல பேரு மட்டும் எப்பிடிம்மா நிக்கும்?" என்றார். இளவட்டம் ஒருவன், "ஆஸ்பத்திரிக்கு அவசரமாக் கொண்டு போறவனுக்கு முறைய நிப்பாட்டி வைக்கோம்லா அண்ணாச்சி?" என்றான். "அது உயிருலே. இது பேட்டரி" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். டீசல் வண்டிக்காரர்கள், ஒருத்தன் வண்டிக்குப் பசித்தால் நாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார். "மேடம், சிலேட்டப் பொறவு பேசுவோம். மொதல்ல சுடலைக்கு என்ன வழின்னு சொல்லுங்க. அவன் வண்டியப் பிடுங்கிட்டு எங்கிட்ட வந்து திட்டம் பேசாதிய."

சுடலை அண்ணனுடைய முறை பன்னிரண்டே காலுக்கு வந்தது. அம்மாவும் மகளுமாக ஐந்து பைகளோடு ஏறினார்கள். நீ சின்னப் பிள்ளையாக ஏறும்போது செய்வாரே, அதே மாதிரி கம்பியைக் கையால் மறித்து, தலை இடிக்காமல் ஏற்றிவிட்டார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து கடைசியில் நிறுத்தினார். நான் எழுந்து போனேன். "அண்ணே, நீங்க ஃபோன் பண்ணினதையும் நான் தாங்கும்னு சொன்னதையும் சனிக்கிழமை கூட்டத்துல சொல்லப் போறேன்" என்றேன். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் பொய்க் கையெழுத்துப் போட்டவந்தாம்மா. அதுக்கு என்ன சொல்லுதாவளோ கேட்டுக்கிடுதேன். வண்டி போனாலும் வேற வண்டி ஓட்டிக்கிடுவேன். ஆனா தெரிஞ்சே பிள்ளைகளப் பாலத்துல கொண்டு நிறுத்துனவன்னு பேராப் போச்சுல்லா. அந்த ஆறு தாயும் என்னைக் கண்டா மொகத்தத் திருப்புதாவ. நான் கேட்டுட்டுத்தான் ஏத்துனேன். அத நீங்க இல்லாம ஆக்கிட்டிய" என்றார்.

மன்னிச்சிருங்க அண்ணே என்றேன். "சனிக்கிழமை சொல்லுங்க. பொறவு பாப்போம்" என்றார். நான் திரும்பும்போது, "கதிரு ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஃபோன் போடுதான். ஒங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார். நான் கேட்காமலே அதைச் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, வலிக்கட்டும் என்று சொன்னாரா, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

நீ இப்போது வண்டி செய்கிற இடத்தில் இருக்கிறாய். சோதனைப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னாயாம், எனக்கு அவர்தான் சொன்னார். அங்கே நல்ல சாலையில், நல்ல வெயிலில், ஒரு ஆளை வைத்து ஓட்டிப் பார்த்து ஒரு எண்ணை எழுதுவீர்கள். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது ஒரு தாளாகி என் மாதிரி ஒருத்தி கைக்கு வரும். அவள் அவசரத்தில் அதைப் பார்த்து, எங்கோ மழையில் நிற்கிற ஒரு மனுஷனிடம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அந்த வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது, எந்த வரிசையில் எத்தனை மணிக்கு நிற்கிறது, ஏறுகிற சனம் எத்தனை பை கொண்டுவருகிறது என்பதையும் போய்ப் பார், எய்யா. மாதம் ஒரு நாளாவது போய் ஸ்டாண்டில் உட்கார். மைக் கொண்டு போகாதே. உனக்குத் தெரியாததை ஒருவர் கேட்டால் தெரியாது என்று சொல். உன் மேலதிகாரி எதிரே நின்றாலும் சொல். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான் அதற்கப்புறம் சொல்ல வேண்டிய வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி இந்தக் கடிதம் வரை வந்துவிட்டன. தப்புச் செய்யாதே என்று உன்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். செய்த தப்பை அன்றைக்கே எப்படிச் சொல்வது என்று ஒரு தடவைகூட நான் செய்து காட்டவில்லை. உன் பேனாவைத் தொலைத்தாய் என்று அடித்துவிட்டு, பிறகு அது என் கைப்பையில் இருந்தபோது, பீரோவுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை நான் பேசப்போவதை எழுதி வைத்துவிட்டேன். ஒரு பக்கம்தான். ஃபோன் வந்த நேரம், அவர் கேட்டது, நான் சொன்னது, பதிவேட்டைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தது, நேரத்தை நான் தப்பாக வைத்தது. அந்த ஆறு தாய்மார்களையும் வரச் சொல்லி நானே நேரில் போய் அழைத்திருக்கிறேன். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், ஒருத்தி கதவையே திறக்கவில்லை. எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. கூட்டமைப்பு இதைத் தாங்குமா என்றும் தெரியாது. தாங்கும் என்ற வார்த்தையை இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அப்பா நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று காலையில் என் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்து, "சனிக்கிழமைக்குக் கட்டுதியா?" என்று கேட்டார். அவரும் வருவார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு உன் உதவி வேண்டும். பேராசிரியர் சார் கணக்கில் கெட்டி, நிச்சயம் கேட்பார். பாதி சார்ஜ். மத்தியானம் டவுணுக்குள் ஒன்றிரண்டு சவாரி. அப்புறம் வெறும் வண்டியாகப் பாளையங்கோட்டை போய், ஆறு பிள்ளைகளும் புத்தகப் பைகளுமாகத் திரும்பி வர வேண்டும். மழை, முகப்பு விளக்கு, துடைப்பான், பாலத்து ஏற்றம். அந்த வண்டி அந்த நடையை முடித்திருக்குமா? உனக்கு இது தெரிந்த வேலை. உட்கார்ந்து கணக்குப் பார்த்து எழுது. போகாது என்றால் போகாது என்று எழுது. சாதாரணமாகப் போயிருக்க வேண்டும் என்றால் அதையும் அப்படியே எழுது. எனக்காக ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எப்படி இருந்தாலும் நான் சொல்லப்போவது மாறாது. ஆனால் இந்தத் தடவை சரியான எண்ணோடு எழுந்து நிற்க வேண்டும்.

என்னோடு பேச உனக்கு இன்னும் மனம் வரவில்லை என்றால் கணக்கை மட்டும் எழுது. சாப்பிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன். கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கிற மாதிரி சீக்கிரம் பதில் எழுது.

அம்மா